சென்னைக்குத் தோல் பூட்ஸ் எதற்கு?

வாசகர் ஒருவர் கேட்டது: "ஆம்பூர் பக்கம் போனால் மூவாயிரத்துக்கு அசல் தோல் பூட்ஸ் கிடைக்கிறது. அதை விட்டுவிட்டு வெல்ட் தையல், அது இதுன்னு பன்னிரண்டாயிரம் கொட்டுவது ஏமாளித்தனம் இல்லையா? அதுவும் சென்னை வெயிலில்?"

9 ஜூலை 2023

மூவாயிரம் ரூபாய் பூட்ஸில் இருப்பது அசல் தோலாகவே இருக்கலாம். அதில் எனக்குச் சண்டை இல்லை. சோல் எப்படிச் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். அந்த விலையில் பெரும்பாலும் பசைதான். குட்இயர் வெல்ட் என்பது வேறு கட்டுமானம். இன்சோலின், அதாவது உள்ளங்கால் படியும் உள் அடிப்பாகத்தின், அடியில் ஒரு விளிம்பு இருக்கும். அந்த விளிம்போடு அப்பர் (காலை மூடும் மேல் தோல்), லைனிங், வெல்ட் என்கிற தோல் பட்டை எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தையல் போடுவார்கள். பிறகு வெல்ட்டையும் அடிச் சோலையும் சேர்த்து இன்னொரு தையல். நடுவில் விழும் பள்ளத்தைக் கார்க் கலவையால் நிரப்புவார்கள். சோல் தேய்ந்தால் இரண்டாவது தையலை மட்டும் பிரித்துப் புதுச் சோல் வைக்கலாம், அப்பரில் கை வைக்க வேண்டாம். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் காசில் பெரும்பகுதி இந்த வசதிக்குத்தான். சோல் மாற்றுகிற எண்ணமே இல்லாதவருக்கு அது வீண் செலவு.

வெயில் விஷயம் தனி. பிறகு வருகிறேன்.

11 ஜூலை 2023

குட்இயர் வெல்ட் என்பது குட்இயர் டயர் கம்பெனியின் சமாச்சாரமா என்று கேட்கிறார்கள். இல்லை, டயர் கம்பெனிக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும் வழியைக் கண்டுபிடித்து 1844-ல் காப்புரிமை வாங்கியவர் சார்லஸ் குட்இயர். அவருடைய மகன், அதே பெயர் கொண்ட சார்லஸ் குட்இயர் ஜூனியர், வெல்ட் தைக்கும் இயந்திரத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். டயர் கம்பெனி 1898-ல் வேறொருவர் தொடங்கியது, அப்பாவின் நினைவாகப் பெயர் வைத்தார்கள். ஆக பூட்ஸுக்கு மகன் பெயர், டயருக்கு அப்பா பெயர்.

16 ஜூலை 2023

பொய் வெல்ட்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறார்கள். பசை போட்ட சோலின் மேல் விளிம்பில் தையல் மாதிரி அச்சடித்த ரப்பர் பட்டையை ஒட்டி, 'வெல்டட்' என்று விற்கிறார்கள். பூட்ஸைக் கவிழ்த்துப் பாருங்கள். மேலே தெரியும் தையல் அடியிலும் வந்திருக்க வேண்டும், சோலின் விளிம்பையொட்டிய பள்ளத்துக்குள் நூல் தெரியும். சில நல்ல பூட்ஸில் அந்தப் பள்ளத்தை மூடிவிடுவார்கள், அதனால் நூல் தெரியவில்லை என்பதற்காகவே பொய் என்று சொல்லிவிட முடியாது. அப்போது பக்கவாட்டில் பாருங்கள். வெல்ட் தனிப் பட்டையாக, வெட்டிய தோலின் நார் தெரிகிற மாதிரி இருக்கும். அது சோலோடு ஒரே வார்ப்பில் வந்த ரப்பராக இருந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.

விற்பவரிடம் "சோல் மாற்றித் தருவீர்களா, எவ்வளவு ஆகும்?" என்று கேளுங்கள். உண்மையான வெல்ட் பூட்ஸ் விற்பவர் தொகை சொல்வார். மற்றவர் உத்தரவாத அட்டையைக் காட்டுவார்.

23 ஜூலை 2023

தோலுக்கு வருவோம். 'ஜெனியூன் லெதர்' என்ற முத்திரைக்கு ஒரே அர்த்தம்தான்: இது ரெக்சின் இல்லை. தரம் பற்றி அது எதுவும் சொல்லாது. மாட்டுத்தோலின் மேற்பரப்பைத் தேய்க்காமல் அப்படியே விட்டது ஃபுல் கிரெய்ன். தழும்பு, கொசுக்கடி எல்லாவற்றையும் உப்புத்தாளால் தேய்த்து மேலே பெயின்ட் பூச்சுக் கொடுத்தது கரெக்டட் கிரெய்ன். தோலைக் கிடைவாக்கில் பிளந்து எடுத்த அடிப்பகுதி ஸ்ப்ளிட். மூன்றும் 'அசல் தோல்'தான். கட்டைவிரலால் உள்ளிருந்து தள்ளிப் பாருங்கள். ஃபுல் கிரெய்னில் மெல்லிய சுருக்கங்கள் விழுந்து, கையை எடுத்ததும் மறையும். பூச்சுத் தோல் பிளாஸ்டிக் மாதிரி அகலமாக மடியும், ஆறு மாதத்தில் அந்த மடிப்பிலேயே வெடிக்கும்.

தோலைப் பதனிட்டது குரோமிலா, மரப்பட்டையிலா? பூட்ஸின் அப்பர் பெரும்பாலும் குரோம் உப்பில் பதனிட்டது. மிருதுவாக இருக்கும், தண்ணீரை ஓரளவு தாங்கும். குறுக்கே வெட்டினால் சாம்பல் நீலம் தெரியும், டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், அரைப் பதத்தில் இருக்கும் தோலுக்கே 'வெட் புளூ' என்றுதான் பெயர். இன்சோல் நல்லதாக இருந்தால் தாவரப் பட்டையில் பதனிட்டதாக இருக்கும். நம் ஊரில் ஆவாரம் பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோல் ஒரு காலத்தில் கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போனது. காலின் வடிவத்தைப் பிடித்துக்கொள்வது அந்த வகைத் தோல்தான். உள்ளே அட்டை இன்சோல் வைத்துவிட்டு வெளியே தோல் பெருமை பேசும் பூட்ஸ் நிறைய உண்டு, உள்ளே தூக்கிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

சென்னை பெரியமேட்டில் ஒரு மதியம் சுற்றினால் இந்த வகைகளை எல்லாம் தொட்டுப் பார்த்துவிடலாம். தோல் மண்டிக்காரர்கள் வியாபாரம் இல்லாத நேரத்தில் பொறுமையாகவே விளக்குகிறார்கள். துண்டுத் தோல் கொஞ்சம் வாங்கினால் இன்னும் பொறுமையாக.

2 ஆகஸ்ட் 2023

அளவு. இங்கே விற்பது பெரும்பாலும் யூகே அளவு. அமெரிக்கக் கம்பெனி பூட்ஸ் என்றால் ஆண்களுக்கு எண் ஏறக்குறைய ஒன்று கூடும், அதோடு அந்த ஊர் கனமான பூட்ஸ்களில் சில பெரிதாகவே வரும். 'நான் எட்டு' என்று கண்ணை மூடிக்கொண்டு ஆர்டர் போடாதீர்கள். சாயங்காலம் அளந்து பாருங்கள், நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்.

நீளத்தைவிட முக்கியமானது குதிகாலிலிருந்து பெருவிரல் மூட்டு வரை உள்ள தூரம். பூட்ஸ் மடியும் இடமும் உங்கள் கால் மடியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். அது தவறினால் எத்தனை மாதம் போட்டாலும் பழகாது.

செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த நம் கால்கள் விரல் பக்கம் விரிந்தவை. ஒடுங்கிய ஐரோப்பிய அச்சில் செய்த பூட்ஸில் சுண்டுவிரல்தான் முதலில் அழும். அகலம் கூடிய மாதிரி கிடைக்கிறதா என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் அரை அளவு ஏற்றுவதைவிட வேறு பூட்ஸ் பார்ப்பது மேல். அளவை ஏற்றினால் குதிகால் ஆடும், மடிப்பும் இடம் மாறும்.

20 ஆகஸ்ட் 2023

பழக்குவது பற்றி இணையத்தில் ஆளுக்கொரு வித்தை. தண்ணீரில் ஊறவைத்துப் போட்டு நட, ஹேர் டிரையர் காட்டு, ஸ்பிரிட் தடவு. எதுவும் வேண்டாம். குரோம் தோல் சூட்டைத் தாங்கும், கொதிநீரைக்கூடத் தாங்கும். ஆனால் பட்டைத் தோல் ஈரமாக இருக்கும்போது 80 டிகிரி வாக்கிலேயே சுருங்க ஆரம்பித்துவிடும். டிரையர் காட்டி அப்பரை இளக்குகிறேன் என்று இன்சோலைக் கருவாடாக்கிவிடுவார்கள்.

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் வீட்டுக்குள் டைல்ஸ் தரையில் ஒரு மணி நேரம் போட்டு நடங்கள். தடித்த சாக்ஸ். தரையில் நடப்பதால் சோல் அழுக்காகாது, அளவு சரியில்லை என்று தெரிந்தால் திருப்பிக் கொடுக்கவும் முடியும். முதல் வாரத்தில் குதிகால் கொஞ்சம் எழும்பி இறங்கும், அது சோல் இன்னும் வளையாததால். சோல் வளைய ஆரம்பித்ததும் நின்றுவிடும். ஆனால் விரல் முன்னால் முட்டினால் பழகும் என்று காத்திருக்காதீர்கள். தோல் அகலத்தில் இளகும், நீளத்தில் இளகாது.

புறங்காலில் அழுத்தினால் அந்த இடத்துக் கண்ணிகளில் (லேஸ் துளைகளில்) மட்டும் லேஸைக் குறுக்கே விடாமல் நேராக மேலே ஏற்றிக் கட்டுங்கள். கணுக்கால் எலும்பை எங்கே கடிக்கிறதோ அங்கே உள்பக்கத்திலிருந்து விரலால் தினமும் கசக்கிவிடுங்கள். சுண்டுவிரலுக்கு மட்டும் இடம் வேண்டுமானால் செருப்புக்கடைக்காரர் கட்டை போட்டு இரண்டு ராத்திரி இழுத்து வைப்பார். அது சிறிய செலவு, நல்ல பலன்.

27 ஆகஸ்ட் 2023

நியாயமான எதிர்ப்பு ஒன்று வந்திருக்கிறது: "ஒரு நாளைக்கு எத்தனை வாசலில் கழற்றுவது?" வீடு, கோயில், டாக்டர் கிளினிக், சில கடைகள். ஏழு ஜோடிக் கண்ணி உள்ள பூட்ஸை ஒவ்வொரு வாசலிலும் குனிந்து அவிழ்த்துக் கட்டுவது தவம். அதனால் என்ன செய்கிறோம்? லேஸைத் தளர்வாகவே விட்டு, குதிகாலை நசுக்கி உள்ளே நுழைக்கிறோம். குதிகால் பகுதிக்குள் இருக்கும் கெட்டி அட்டை மடங்கிவிட்டால் அந்த பூட்ஸுக்கு அப்புறம் உருவம் கிடையாது. குதிகாலை நசுக்காமல் காலை நுழைக்கப் பையில் சின்ன ஷூ ஹார்ன் வைத்துக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அல்லது செல்சி பூட்ஸ். இரு பக்கமும் எலாஸ்டிக். விக்டோரியா மகாராணிக்கு லண்டனில் ஸ்பார்க்ஸ்-ஹால் என்பவர் செய்து கொடுத்த வகையிலிருந்து வந்தது. ராணிக்கும் குனிந்து லேஸ் கட்டப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. அப்பா குட்இயர் மாதிரியானவர்கள் ரப்பரைப் பக்குவப்படுத்தியதால்தான் இந்த எலாஸ்டிக் நீடித்து உழைக்க முடிந்தது. ஒரு குறை உண்டு. நம் சூட்டில் எலாஸ்டிக் தோலுக்கு முன்பே தளர்ந்துவிடும். ஆனால் அதை மாற்றித் தைக்க நல்ல தையல் மிஷின் உள்ள எந்த ரிப்பேர்க்காரருக்கும் தெரியும்.

10 செப்டம்பர் 2023

பைக் ஓட்டுபவர்கள் கவனத்துக்கு. இடது பூட்ஸின் விரல் பக்கம் கியர் லீவர் போடும் தேய்மானத்தை எந்த பாலிஷும் மறைக்காது. லீவரின் மேல் மாட்டும் ரப்பர் உறை தேய்ந்து போயிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், முப்பது நாற்பது ரூபாய் சமாச்சாரம். பூட்ஸின் மேல் மாட்டிக்கொள்ளும் தோல் பட்டையும் விற்கிறார்கள். எனக்கு அது அழகாகப் படவில்லை, தேய்மானமே பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

1 அக்டோபர் 2023

எதிர்பார்த்த கேள்விதான்: தேங்காய் எண்ணெய் தடவலாமா?

தடவாதீர்கள். தோல் மிருதுவாகும், உண்மைதான். ஆனால் எவ்வளவு உறிஞ்சும் என்பது நம் கையில் இல்லை, நிறம் திட்டுத்திட்டாகக் கறுக்கும், அதிகமானால் வடிவம் தளரும். பூஞ்சைக்கும் கொழுப்பு பிடித்த உணவு. நாம் தலைக்குத் தடவுவதை எல்லாம் காலுக்கும் தடவ வேண்டுமா?

எண்ணெய் போடுவதிலேயே எனக்கு ஒரு பெரிய வருத்தம் இருக்கிறது. பூட்ஸ் பராமரிப்பு என்று நாம் படிப்பது பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியது. அங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும், காற்று வறண்டிருக்கும், சாலையில் உப்புத் தூவுவார்கள், தோல் காய்ந்து வெடிக்கும். அதனால் மாதாமாதம் எண்ணெய், கிரீம், மெழுகு. சென்னைக் காற்றில் தோல் காய்வதற்கு வழியே இல்லை. இங்கே வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை, விரல்நுனி அளவு கண்டிஷனர் (தோலை மிருதுவாக வைக்கும் கிரீம்) போதும். மீதி நாளெல்லாம் குதிரைமுடி பிரஷ், உலர்ந்த துணி. பளபளப்பு வேண்டுமானால் சாதாரண மெழுகு பாலிஷ், அதுவும் முனையிலும் குதிகாலிலும் மட்டும். மடிப்பில் பூசினால் மெழுகு வெடித்து நிற்கும்.

15 அக்டோபர் 2023

எண்ணெய்க் குறிப்பைப் படித்துவிட்டுப் பெங்களூரிலிருந்து ஒருவர் படம் அனுப்பியிருக்கிறார். பூட்ஸ் முழுக்க வெள்ளைப் பூச்சு, பூஞ்சை என்று பயந்துவிட்டார். அது பூஞ்சையாக இல்லாமலும் இருக்கலாம். எண்ணெய் நிறைய ஏற்றிய தோலில் குளிர்ந்தால் கொழுப்பு வெளியே வந்து வெள்ளையாக உறையும். தேங்காய் எண்ணெயே 24 டிகிரி வாக்கில் உறைந்துவிடுமே, மார்கழியில் பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள். சோதனை எளிது: வெள்ளை மேல் மிதமான சூடு காட்டுங்கள். உருகி மறைந்தால் கொழுப்பு, பிரஷ் போதும். மறையாமல் பஞ்சு மாதிரி நின்று, மக்கல் வாடை அடித்தால் பூஞ்சை.

ஆகஸ்டில் டிரையர் வேண்டாம் என்றீர்களே என்று கேட்பீர்கள். இது காய்ந்த அப்பர், மிதமான சூடு, சில விநாடி. ஈர பூட்ஸுக்கு இன்னமும் வேண்டாம்தான்.

பூஞ்சை என்றால் மொட்டை மாடிக்கு எடுத்துப் போய்த் துடையுங்கள், அலமாரிக்குள் வைத்துத் தட்டினால் மற்ற ஜோடிகளுக்கும் பரவும். வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் நனைத்து வெளியே, உள்ளே, நாக்கின் அடியில் என்று எல்லா இடமும் துடைத்து நிழலில் காயவிட வேண்டும். அந்துருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சைக்கு அது ஒன்றும் செய்யாது. பூட்ஸை பிளாஸ்டிக் கவரில் கட்டி வைப்பது பூஞ்சைக்கு நாமே வீடு கட்டிக் கொடுப்பது. சிலிகா ஜெல் பொட்டலம் நல்லது, ஆனால் ஒருமுறை ஈரம் குடித்துவிட்டால் சூடாக்கிக் காயவைக்காத வரை அது வெறும் மணல்.

5 நவம்பர் 2023

வெயில் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன் என்று ஜூலையில் சொல்லியிருந்தேன். வெயில் பிரச்சினையே இல்லை. காற்றில் இருக்கும் ஈரம்தான் பிரச்சினை.

கல்யாணம் காட்சிக்கு மட்டும் போடலாம் என்று பத்திரமாக வைத்திருந்த ஒரு ஜோடி என்னிடம் இருந்தது. அப்பர் இன்றைக்கும் புதுசு. போட்டுக்கொண்டு படியிறங்கினால் சோல் ஈரமான பிஸ்கட் மாதிரி துண்டு துண்டாக உதிர்ந்தது. கம்பெனி பெயர் வேண்டாம், பலருடைய சோலும் இப்படித்தான். அது பாலியூரிதேன், சுருக்கமாகப் பி.யு. எடை குறைவு, நடக்கச் சுகம். ஆனால் அந்த வகையில் பெரும்பாலானவற்றின் வேதிப் பிணைப்புகளைக் காற்றின் ஈரம் மெல்ல மெல்ல உடைக்கும், சூடு அதை வேகப்படுத்தும். சூடும் ஈரமும் சேர்ந்த கடலோர ஊர் அதற்குச் சரியான எமன். போடாமல் வைத்தாலும் நடக்கும்.

ஆகவே முதல் குறிப்பில் வெல்ட்டுக்குக் கொடுத்த இடத்தைச் சென்னைக்காரர்களுக்கு நான் சோலுக்குக் கொடுப்பேன். வெல்ட் தையலோடு பி.யு. சோல் வைத்த பூட்ஸைவிடப் பசையில் ஒட்டிய ரப்பர் சோல் பூட்ஸ் இங்கே நீண்ட நாள் வரும். தோல் சோலும் வேண்டாம், மழையில் குடித்து ஊறும். பார்த்தாலே எது என்று தெரியாது. சோல் என்ன பொருள் என்று கடையில் நேரடியாகக் கேளுங்கள், 'பி.யு.' என்று பெட்டியிலேயே போட்டிருப்பார்கள் சிலர். மலையேறுபவர்கள் விரும்பும் கட்டை கட்டையான விப்ரம் சோல் ரப்பர்தான். விடாலே பிரமானி என்ற இத்தாலிய மலையேறி, 1935-ல் நண்பர்கள் ஆறு பேரை மலையில் பறிகொடுத்த பிறகு உருவாக்கியது. அவர் பெயரின் சுருக்கம்தான் விப்ரம்.

இரண்டு ஜோடிக்கு மேல் வாங்காதீர்கள். மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரு நாள் போட்டால் ஒரு நாள் ஓய்வு, நம் வியர்வை காய அவ்வளவு நேரம் வேண்டும்.

10 டிசம்பர் 2023

மிக்ஜாம் புயலில் நனைந்த பூட்ஸோடு வரிசையாகக் கேள்விகள். பொதுவாக: லேஸையும் உள் அட்டையையும் எடுத்துவிடுங்கள். தெருத் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கும், அதனால் முதலில் நல்ல தண்ணீரில் துணி நனைத்து உள்ளும் புறமும் துடையுங்கள், இன்னும் கொஞ்சம் நனைந்தால் பாதகமில்லை. செய்தித்தாளைக் கசக்கி உள்ளே அடையுங்கள், சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள், நிமிர்த்தி வைத்தால் சோலின் அடி காயாது. ஃபேன் காற்று, நிழல். வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயும், ஆனால் விறைத்துப் போகும். முழுக்கக் காய்ந்த பிறகு கண்டிஷனர், இந்த ஒரு தடவை கொஞ்சம் தாராளமாக.

கரண்ட் இல்லாத வீடுகளில் ஃபேனுக்கு எங்கே போவது என்று திட்டுகிறீர்கள். சரிதான். தாளை அடிக்கடி மாற்றுங்கள், ஜன்னல் ஓரம் வையுங்கள். முதலில் வீட்டைக் கவனியுங்கள், பூட்ஸ் காத்திருக்கும்.

7 ஜனவரி 2024

"பாலாற்றைக் கெடுத்த தோலுக்கு இத்தனை பக்கமா?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கோபம் நியாயமானது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை டேனரிக் கழிவால் கிணறும் நிலமும் உப்பாகிப்போன வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. குரோமைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். ஆனால் பச்சைத் தோல் அழுகாமல் இருக்கக் கொட்டும் சாதாரண உப்பும் தண்ணீரைக் கெடுப்பதில் சளைத்ததில்லை, அதைப் பிரித்தெடுப்பதும் கஷ்டம். அடையாறில் 1948-ல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தண்ணீர் சேர்க்காத குரோம் பதனீடு வரை வந்திருக்கிறது. ஆற்றங்கரைக்காரர்களுக்கு அது ஆறுதல் ஆகாது.

பி.யு. பூச்சு ரெக்சின் தோலுக்கு மாற்று இல்லை என்பது என் கருத்து. அதுவும் உதிரும், மக்காது, சீக்கிரம் குப்பைக்கு வரும். குறைவாக வாங்கி ரிப்பேர் செய்து போடுவது என்பதற்கு மேல் என்னிடம் நல்ல பதில் இல்லை.

18 பிப்ரவரி 2024

என் வெல்ட் பூட்ஸுக்குச் சோல் மாற்றியாயிற்று. தெருமுனையில் பெட்டிக்கடை வைத்திருக்கும் அண்ணன்தான் செய்தார். பழைய தையலை வெல்ட் கிழியாமல் ஒவ்வொரு கண்ணியாக அறுத்தார். உள்ளே கார்க் இரண்டு இடத்தில் குழிந்திருந்தது, அதைச் சுரண்டி நிரப்பினார். ரப்பர் ஷீட்டை நான் பெரியமேட்டில் வாங்கிக் கொடுத்தேன். மிஷின் இல்லை, ஊசியும் மெழுகு நூலும்தான், பழைய துளைகளிலேயே கையால் தைத்தார். புதுத் துளை போட்டால் வெல்ட் தபால்தலை ஓரம் மாதிரி கிழிந்துவிடும் என்று அவரே சொன்னார்.

பசை பூட்ஸுக்கும் சோல் மாற்றலாம் என்று ஒருவர் ஜூலையிலேயே சொன்னார். அதை அண்ணனிடம் கேட்டேன். "மாத்தலாம் சார், ஆனா பிரிக்கும்போது அப்பர் கிழியாம இருக்கணும், அது நம்ம கையில இல்ல" என்றார். ஆக முடியும், ஒருமுறை, அதிர்ஷ்டம் இருந்தால்.

கூலி பற்றி ஒன்று. ஒரு முழு நாள் கைவேலை இது. பூட்ஸுக்குப் பன்னிரண்டாயிரம் பேரம் பேசாமல் கொடுப்பவர், தைப்பவரிடம் வந்து இருநூறு ரூபாய் குறைக்கச் சொல்வதை அங்கே உட்கார்ந்திருந்தபோது பார்த்தேன். அண்ணன் குறைக்கவில்லை.

3 மார்ச் 2024

லேஸ் நீளம் கேட்டவர்களுக்கு: ஆறு அங்குல உயர பூட்ஸ், ஆறேழு ஜோடிக் கண்ணி என்றால் 120 செ.மீ. சரியாக வரும். கடைகளில் சாதாரண ஷூவுக்கான 90-ஐ எடுத்துக் கொடுத்து "இழுத்தா வரும்" என்பார்கள். வராது.